இருபத்தொன்றாம் வசனத்தில் நின்ற அழைப்பு

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இனிமேல் டவர்களைச் சோதிக்க ஜீப்பில் யாரும் போக வேண்டியதில்லையாம். எந்த டவர் எவ்வளவு பலமாகப் பேச வேண்டும், எந்தப் பக்கம் குனிய வேண்டும் என்பதையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்கிறதாம். "சார், உங்க காலத்துல உங்களைப் போட்டு படுத்தியெடுத்த ஃபால்ட் எது? ஒரு கட்டுரை மாதிரி எழுதிக் குடுங்க. புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்" என்றாள்.

புயலில் சாய்ந்த டவர், இடி விழுந்து கருகிய பெட்டி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாள். அதெல்லாம் ஒரு ஃபால்ட்டா? கண்ணுக்குத் தெரிகிற கோளாறை யார் வேண்டுமானாலும் சரி செய்யலாம். அவள் கேட்டதும் எனக்கு மரக்காணத்து உப்பளத்து ஓரமாக இருந்த ஒரு பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. மத்தியானம் மூன்றே கால் மணி, வெள்ளை வெயில், ஜன்னல் வழியாகத் தெரிந்த பிள்ளைகளின் தலைகள். அங்கே எந்தப் பழுதும் இல்லை என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்.

நான் கொஞ்சம் பகல்கனவுக்காரன். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் சாதம் ஆறிவிடும் என்பாள் என் மனைவி. திண்டிவனத்தில் டிப்ளமா படித்துவிட்டு, ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் நான்கு வருஷம், அப்புறம் பேஜர் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தேன். பேஜர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. அதன் பிறகு மொபைல் கம்பெனி. சென்னையில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, புதுச்சேரி அலுவலகத்தில் போட்டார்கள். அங்கிருந்து மரக்காணம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை என் கையில் வந்தது.

என் வேலைக்கு டிரைவ் டெஸ்ட் என்று பெயர். ஜீப்பின் பின்சீட்டில் ஒரு லாப்டாப், அதில் மாட்டிய நான்கு கைபேசிகள். அவை தாமாகவே ஒரு எண்ணை அழைக்கும். அந்த எண்ணில் ஒரு பெண்குரல் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். குரல் தெளிவாக வந்தால் லாப்டாப்பின் வரைபடத்தில் பச்சைப் புள்ளி, மங்கினால் மஞ்சள், அறுந்தால் சிவப்பு. டிரைவர் செல்வம் முப்பதைத் தாண்டாமல் ஓட்டுவார். "என்னண்ணே, மாப்ளை ஊர்வலமா போறோம்?" என்று தினமும் ஒரு தடவை கேட்பார்.

எனக்கு அந்த வேகம் பிடிக்கும். கோட்டக்குப்பம் தாண்டி, பொம்மையார்பாளையம் தாண்டி வடக்கே போகப் போகக் கடைகள் குறைந்து, மரக்காணத்தில் உப்பளம் வந்துவிடும். தை, மாசியில் பாத்திகளில் தண்ணீர் நிற்கும். வானம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரியாது. தலையில் கூடையோடு பெண்கள் வரப்பில் வரிசையாக நடந்து போனால் தண்ணீருக்குள்ளும் ஒரு வரிசை நடக்கும். காதில் அந்தப் பெண்குரல் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்று எண்ணும். இதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் பிரிவின் தலைவர் நாதன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். யாராவது பிரச்சினை என்று போய் நின்றால், முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். "சொல்லுய்யா" என்பார். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். முடித்ததும் ஒரே கேள்விதான்: "லாக்ல கடைசி வரி என்ன?" ஒவ்வொரு அழைப்பும் எப்படி முடிந்தது என்று சிஸ்டத்தில் ஒரு வரி பதிவாகும். சிக்னல் போய் அறுந்ததா, பேசியவர்களில் யாராவது பட்டனை அழுத்தி வைத்தார்களா என்று அந்த வரி சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் வந்தவனை அவர் திட்டமாட்டார். கடிகாரத்தை எடுத்து மறுபடி கட்டிக்கொள்வார். வெளியே போ என்பதை அவர் சொல்லும் விதம் அது. அந்தப் பட்டை மாட்டும் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் பயந்தோம்.

டவரில் எதை மாற்றினாலும் அவரிடம் படிவம் கொடுக்க வேண்டும். அதில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'தரத்தை மேம்படுத்த' என்று எழுதினால் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். "எல்லாரும் அதுக்குத்தான்யா சம்பளம் வாங்கறோம். எது கெட்டுப்போச்சு? அதை எழுது." அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. அவரிடம் கோபப்பட்டதும் நிறைய.

கடல் ஊருக்குள் வந்துவிட்டுப் போன மார்கழிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில், அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகார்க் கடிதம் வந்தது. வகுப்பறையில் வெளிநாட்டு அழைப்புகள் பாதியில் கட் ஆகின்றன என்று எழுதியிருந்தது. கீழே 'ஷாகிரா, தீனியாத் ஆசிரியை' என்று கையெழுத்து, மார்க்கப் பாடம் எடுப்பவர். வகுப்பறையில் எதற்குப் போன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலை நேரம் ஜீப்பில் பள்ளியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். எல்லாம் பச்சை. நாதன் சார் லாக்கைப் பார்த்தார். அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் எல்லாவற்றுக்கும் கடைசி வரி ஒன்றுதான்: எதிர்முனை வைத்தது. "நம்ம பக்கம் சுத்தம். லெட்டர் போட்டுடு" என்றார். போட்டேன். பழுது எதுவும் இல்லை, நெட்வொர்க் சிறப்பாகச் செயல்படுகிறது என்று நான்கு வரி.

மூன்று வாரம் கழித்து அதே சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளி வாசலில் ஒரு பெண் கையைக் காட்டி ஜீப்பை நிறுத்தினார். கறுப்பு புர்கா, தோளில் பை, முப்பது வயது இருக்கும். கையில் என் கடிதத்தின் ஜெராக்ஸ்.

"இதுல கையெழுத்துப் போட்ட முருகேசன் நீங்கதானா சார்?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்குது சார் உங்க லெட்டர். இதை வெச்சுத்தான் என்னை வேலைய விட்டு அனுப்பப் போறாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஜீப்பை விட்டு இறங்கினேன்.

ஷாகிரா டீச்சர் கோட்டக்குப்பத்துக்காரர். இஸ்லாமிய மார்க்கக் கல்வியில் ஆலிமா படிப்பு முடித்தவர்; பிள்ளைகள் அவரை ஆலிமா என்றே கூப்பிடுவார்கள். தினமும் பஸ்ஸில் வந்து, அந்தப் பள்ளியில் கடைசிப் பீரியடில் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பீரியடுக்கு மார்க் கிடையாது, ரிப்போர்ட் கார்டில் இடம் கிடையாது. பெரிய வகுப்புப் பிள்ளைகளை டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாக்கள் வந்து கூட்டிப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவை தூங்கி வழியும். பள்ளிக் கமிட்டியின் செயலாளர் காதர் பாய், ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர், அந்தப் பீரியடைக் கம்ப்யூட்டர் கிளாஸாக மாற்றிவிடலாம் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மார்கழிக்குப் பிறகு, வளைகுடாவில் இருந்த அப்பாக்கள் பள்ளிக்கே போன் போட ஆரம்பித்தார்கள். பிள்ளையின் குரலைக் கேட்டால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கியது. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் ஒரு பிள்ளை. அங்கே அத்தாவுக்குச் சாப்பாட்டு நேரம், இங்கே கடைசிப் பீரியட். டீச்சரின் கைபேசியில் அழைப்பு வரும். பிள்ளை அதைக் காதில் வைத்துக்கொண்டு, கற்றதை அத்தாவுக்கு ஓதிக் காட்டும். மார்க் இல்லாத பாடத்துக்கு இப்படி ஒரு பரீட்சை வந்ததும் வகுப்பு நிறைந்துவிட்டது. தூங்கிய பிள்ளைகள் வீட்டில் போய் மனப்பாடம் செய்தன.

"அப்புறம் என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டேன்.

"இந்த டேர்ம்ல குர்ஆன்ல ஒரு சூரா, ஒரு அத்தியாயம் சார். இருபத்தஞ்சு வசனம். எல்லாப் பிள்ளைங்களும் இருபத்தொண்ணு வரைக்கும் நல்லா ஓதுது. அங்க வந்ததும் கட் ஆயிடுது. பதினோரு பிள்ளைங்க, பதினோரு தடவை, ஒரே இடம். அந்த வசனத்துல சஜ்தா செய்யணும் சார். நெத்தி தரையில படணும். பிள்ளை போனைப் பாயில வெச்சுட்டு சஜ்தா செஞ்சு எழுந்து பாத்தா கட் ஆகிக் கெடக்குது. தரையில வெச்சா சிக்னல் போவுதுன்னு நெனைச்சுத்தான் உங்களுக்கு எழுதினேன்."

"பிள்ளைங்க அப்பாகிட்ட சொல்லலியா?"

"லைன் கட் ஆயிடுச்சுன்னு சொல்லிச்சுங்க. சாக்குச் சொல்லாதேன்னாங்க. டவர் நல்லாத்தான் இருக்குதுன்னு உங்க லெட்டரும் வந்துடுச்சு. இப்ப அத்தாமாருங்கள்லாம் சேர்ந்து கமிட்டிக்குப் போன் போட்டுட்டாங்க. ஆலிமாவுக்கே இருபத்தொண்ணுதான் தெரியும், மீதி நாலு தெரியாது, அதான் எல்லாப் பிள்ளையும் அங்கயே நிக்குதுன்னு."

அவர் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் முகத்தைக் காட்ட முடியவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் எழுதிய நான்கு வரி, ஒரு மனுஷி பத்து வருஷம் படித்த படிப்பையே பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. "சனிக்கிழமை கமிட்டி கூடுது சார். அன்னிக்கு முடிவு பண்ணிடுவாங்க" என்றார். அன்று திங்கட்கிழமை.

நாதன் சாரிடம் போய்ச் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துக் கேட்டார். முடித்ததும், "முருகேசா, நெட்வொர்க்குக்கு அரபி தெரியுமாய்யா? இருபத்தொண்ணாம் வசனம் பாத்துக் கட் பண்ணுமா?" என்றார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

என் புத்தி உப்பளத்தின் பக்கம் போனது. பாத்தியில் நிற்கும் தண்ணீர் கண்ணாடிபோல வேலை செய்யும். எங்கோ தூரத்து டவரின் சிக்னல் அதில் பட்டுத் தெறித்து வந்து, பக்கத்து டவரோடு பேச வேண்டிய கைபேசியைக் குழப்பும். பாயில் வைத்த போன் அப்படித்தான் வழிதவறிப் போகிறது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ஆள் ஏற்றி, தூரத்து டவரின் ஆன்டெனாவை இரண்டு டிகிரி குனிய வைத்தேன். சென்னைப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அன்றிலிருந்து போன் அறுவது குறைந்தது, அதற்கு மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்தது. பள்ளிக்கூடத்தில் அன்று மத்தியானம் பன்னிரண்டாவது பிள்ளைக்கும் இருபத்தொன்றில் கட் ஆனது.

புதன்கிழமைதான் முதல் தடவையாக வகுப்பு நடக்கும் நேரத்தில் போனேன். அதுவரை காலையில் மட்டுமே போயிருந்தேன். மத்தியான வெயிலில் லாப்டாப் திரை தெரியாது, சூடாகி நின்றுவிடும். அதனால் அந்த வட்டாரத்தை எப்போதும் பதினோரு மணிக்குள் முடிப்பது எங்கள் பழக்கம். வகுப்பறைக்குள் போகக் கூச்சமாக இருந்தது. வெளியே ஜன்னல் ஓரம் நின்றேன். பின்னால் உப்பளத்துக் காற்று சட்டையைப் படபடக்க வைத்தது.

ஐந்தாம் வகுப்பு ரிஸ்வானா எழுந்து வந்தாள். முன்பல் ஒன்று பாதி முளைத்த பிள்ளை. அவளுடைய அத்தா ஜமால் சவுதியில் ஒரு கட்டட வேலையில் இருந்தார். போன் அடித்தது. ஸலாம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்தக் குரல் ஏறி, நீண்டு, அடங்கி, மறுபடி ஏறுவதைக் கேட்டுக்கொண்டு நான் எங்கோ போய்விட்டேன். வெயில், வெள்ளை உப்புக் குவியல்கள், அந்தக் குரல். வந்த வேலையே மறந்துபோயிற்று.

திடீரென்று ஜன்னலில் ஒரு தலைகூட இல்லை. முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கீழே போய்விட்டார்கள். டீச்சரும் இல்லை. வகுப்பறையில் மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றியது. நான் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் அத்தனையும் நெற்றியைப் பாயில் வைத்திருந்தன. ரிஸ்வானாவின் தலைக்குப் பக்கத்தில் கைபேசி இருந்தது. அதன் பச்சைத் திரை எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது கண் சிமிட்டி, அழைப்பு முடிந்தது என்று காட்டியது. என் கையிலிருந்த சோதனைப் போனைக் கீழே குனிந்து வாசல்படியில் வைத்துப் பார்த்தேன். சிக்னல் நிறைய இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சோதனை எண்ணில் அந்தப் பெண்குரல் நிறுத்தாமல் எண்ணும். இத்தனை வருஷத்தில் எங்கள் சோதனை அழைப்பில் யாரும் ஒரு நொடிகூடப் பேசாமல் இருந்ததே இல்லை.

டீச்சரிடம் சொல்லி ஜமாலுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். நான் வாங்கிப் பேசினேன்.

"பாய், நான் டவர் கம்பெனில இருந்து பேசறேன். இப்ப போன் கட் ஆச்சே, உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"சத்தமே வரலை சார்."

"டூ டூன்னு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"அதெல்லாம் இல்ல சார். ஆளே இல்லாத மாதிரி ஆயிடுது. மூச்சு, காத்து, ஒண்ணும் கிடையாது. ரெண்டு வாட்டி ஹலோ ஹலோன்னு கூப்புட்டேன். அப்புறம் வெச்சுட்டேன்."

"யாரு வெச்சது?"

"நான்தான் சார். கட் ஆனதை வெச்சுட்டு என்ன பண்றது? லைன் போயிடுச்சுங்கறது எல்லாப் பிள்ளைங்களும் சொல்ற சாக்குதான். அதுக்கு மேல அதுக்குத் தெரியலை சார். எனக்கும் ஓதத் தெரியாது, சின்ன வயசுலயே கப்பல் சாமான் தூக்கப் போயிட்டேன். பிள்ளையாவது முழுசா ஓதாதான்னு பாக்கறேன்."

அவருக்கு அந்த இடத்தில் சஜ்தா உண்டு என்பதே தெரியாது. அதைச் சொல்ல அவருக்கு யாரும் இருந்ததில்லை. நானும் அப்போது சொல்லவில்லை, முதலில் லைனைச் சரி செய்ய வேண்டும் என்று தோன்றியது. போனை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்தேன். சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

விஷயம் இதுதான். நாம் பேசாமல் இருக்கும்போது கைபேசி அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். பாட்டரி மிச்சம், மற்ற அழைப்புகளுக்கும் இடைஞ்சல் குறைவு. அது கோளாறு அல்ல, ஏற்பாடு. அந்த நேரத்தில் எதிர்முனையில் மெல்லிய இரைச்சல் ஒன்றைச் செயற்கையாகப் போட்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவருக்கு லைன் செத்தது போலிருக்கும். உள்ளூரில் அந்த இரைச்சல் ஒழுங்காக வந்தது. சவுதிக்குப் போகும் வழியில் எங்கேயோ விடுபட்டிருந்தது. அந்த வழி எங்கள் கையில் இல்லை. எங்களால் முடிந்தது ஒன்றுதான். அந்த ஒரு டவரில் மட்டும், யாரும் பேசாவிட்டாலும் கைபேசி அனுப்பிக்கொண்டே இருக்கட்டும் என்று மாற்றி வைக்கலாம்.

வியாழக்கிழமை காலை நாதன் சார் முன்னால் நின்றேன். கடிகாரம் கழன்று மேஜைக்கு வந்தது. சொன்னேன்.

"லாக்ல கடைசி வரி?"

"எதிர்முனை வெச்சது சார். அது சரிதான். ஏன் வெச்சதுன்னுதான் நாம கேக்கலை."

நாதன் சார் நாற்காலியில் சாய்ந்தார். "கண்டுபிடிச்சிட்ட. நல்லது. அந்த அப்பாமார்கிட்ட சொல்லிடு, பதினஞ்சு விநாடி காத்திருங்கன்னு. இதுக்கு எதுக்கு டவரை மாத்தணும்? அந்தப் பக்கத்துல எல்லார் பாட்டரியும் சீக்கிரம் தீரும். இடைஞ்சல் கூடும்."

எனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவர் மேஜைப் போனின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். "பதினஞ்சு விநாடி காதுல வெச்சுக்கங்க சார். அந்தப் பக்கம் உங்க பொண்ணு இருக்குது. கடிகாரத்தைப் பாத்துக்கங்க."

முறைத்தார். ஆனாலும் வைத்துக்கொண்டார். செத்த ரிசீவர் என்று அவருக்குத் தெரியும், கம்பி என் கையில் தொங்கியது. மூன்று விநாடி. ஐந்து. அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. எட்டாவது விநாடியில், "ஹலோ?" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. காது சிவந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "படிவம் கொண்டாய்யா" என்றார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் யோசித்துவிட்டு, 'பேசாமல் இருப்பது கேட்கவில்லை' என்று எழுதினேன். அதை மூன்று முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், மூடி வைத்தார், பச்சையில் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு வாரம்தான். மத்தவங்களுக்குக் கெட்டுப்போனா நானே திருப்பிடுவேன்." கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. நானாகத்தான் வெளியே வந்தேன்.

அன்றே மரக்காணம் போய்க் காதர் பாயைக் கடையில் பார்த்தேன். என் கடிதம் தவறு என்று சொன்னேன். ஆணி எடை போட்டபடியே கேட்டார்.

"நீங்க நல்லவரு சார். அந்தப் பொண்ணு அழுதிருக்கும், நீங்க எரக்கப்பட்டு வந்திருக்கீங்க. நான் என் காதால கேட்டாத்தான் நம்புவேன். அந்த ஜமாலே நாளன்னிக்கு இன்னொரு வாட்டி போன் போடட்டும். ஆனா சஜ்தா, கிஜ்தான்னு முன்கூட்டி ஒண்ணும் சொல்லக் கூடாது. சொல்லிக் குடுத்தா அது பரீட்சை இல்ல."

வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளிக்கு விடுமுறை. அதனால் சனிக்கிழமை மத்தியானம், கமிட்டி கூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அது நடந்தது. காதர் பாய் வகுப்பறை ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு உள்ளே நின்றேன். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் எழுத்து ஒன்றும் இல்லை. மாற்றம் சரியாக விழுந்ததா என்று காலையிலிருந்து இருபது தடவை சோதித்திருந்தேன். உள்ளூர்ப் போனில் தெரிகிற மாற்றமில்லை அது. சவுதியில் போய் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது.

போன் அடித்தது. ரிஸ்வானா ஸலாம் சொல்லி ஆரம்பித்தாள். இந்த முறை நான் எங்கும் போகவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது. இருபத்தொன்று.

போனைப் பாயில் வைத்தாள். பிள்ளைகள் எல்லாம் குனிந்தார்கள். காதர் பாயும் நாற்காலியிலிருந்து இறங்கிக் குனிந்தார். நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான். போன் திரையையே பார்த்தேன். அழைப்பின் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மின்விசிறி கிறீச்சிட்டது. ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது. வெளியே உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது. துணிகள் சரசரத்தன. இதெல்லாம் இப்போது கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது, போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை வேண்டினேன் என்று ஞாபகமில்லை. எட்டாவது விநாடி தாண்டியது. பத்து. பதினைந்து. திரை அணையவில்லை.

பிள்ளைகள் எழுந்தார்கள். ரிஸ்வானா போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அத்தா?"

பதில் இல்லை போலிருக்கிறது.

"அத்தா?" அவள் முகம் சுருங்கியது. டீச்சரைப் பார்த்தாள். "அத்தா வெச்சுட்டாங்க ஆலிமா."

காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றார். டீச்சர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் விநாடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"வெக்காதம்மா! லைன் இருக்குது. அப்பிடியே வெச்சுக்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவள் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது. பத்து விநாடி இருக்கும், என் ஆயுளில் அவ்வளவு நீளமான பத்து விநாடி இருந்ததில்லை. அப்புறம் அவள் கண் விரிந்தது. பாதிப் பல் தெரியச் சிரித்தாள். எங்களுக்காகப் போனிலிருந்து வாயைத் திருப்பிச் சொன்னாள்.

"எல்லாரும் குனியற சத்தம் கேட்டுச்சாம். அத்தாவும் சஜ்தா செஞ்சாங்களாம். இப்பதான் எழுந்தாங்களாம். மீதிய ஓதச் சொல்றாங்க."

இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்கு, இருபத்தைந்து. ஒரு இடத்திலும் தடுமாறாமல் ஓதி முடித்தாள்.

காதர் பாய் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பாவில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு டீச்சரைப் பார்க்காமல், கதவைப் பார்த்தபடி கேட்டார்:

"நாளைக்கு யாரோட அத்தா, ஆலிமா?"